எது முன்னால், எது பின்னால்?

ஒரு வங்கிக் கணக்கில் 1,000 ரூபாய் இருக்கிறது. அதன் மேல் இரண்டு காசோலைகள் வருகின்றன. ஒன்று 700 ரூபாய்க்கு, இன்னொன்று 600 ரூபாய்க்கு. 700 முதலில் வந்தால் அது பாஸ் ஆகிவிடும், 600 திரும்பிப் போகும், மீதி 300. 600 முதலில் வந்தால் 700 திரும்பும், மீதி 400. கூட்டல் கழித்தலில் எந்தத் தவறும் இல்லை. அதே காசோலைகள், அதே தொகைகள். மாறியது வரிசை மட்டும்தான். ஆனால் யாருக்குப் பணம் கிடைத்தது, யார் கடைக்காரர் முன்னால் தலைகுனிந்து நின்றார் என்பதெல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

ஒரே கிளை, ஒரே பேரேடு, ஒரே கிளார்க் என்றால் பிரச்சினையே இல்லை. அவர் மேஜைக்கு எது முதலில் வந்ததோ அது முதல். சண்டை போட யாருமில்லை.

இப்போது அந்தப் பேரேட்டுக்கு மூன்று ஊர்களில் மூன்று கணினிகளில் மூன்று நகல்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏன் மூன்று? ஒரு கணினி எரிந்து போகலாம், ஓர் ஊரில் மின்சாரம் போகலாம், ஒரு ஊரின் கேபிளைப் பொக்லைன் தோண்டி எடுத்துவிடலாம். அப்போதும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல யாராவது இருக்க வேண்டும் அல்லவா? அதற்குத்தான். ஆனால் நகல் எடுத்தவுடனேயே ஒரு புதுத் தலைவலி ஆரம்பமாகிறது. முதல் ஊருக்கு 700 முதலில் போய்ச் சேருகிறது. இரண்டாவது ஊருக்கு 600 முதலில் போய்ச் சேருகிறது. ஒரு நகலில் 300, இன்னொன்றில் 400. இரண்டு கணினிகளும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தன. ஆனால் வங்கியிடம் இப்போது ஒரே கணக்குக்கு இரண்டு உண்மைகள் இருக்கின்றன.

கேட்டால் ரொம்பச் சின்ன விஷயம் போல இருக்கும். ஆனால் இந்த ஒரு கேள்வியைத் தீர்க்கக் கணினி விஞ்ஞானிகள் நாற்பது வருடங்களுக்கு மேல் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

குறிப்பேடு சரி என்றால் பேரேடும் சரி

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதன் தீர்வு பாதி தெரிந்ததுதான். கணக்கியலில் முதலில் எழுதுவது குறிப்பேடு. நடவடிக்கைகள் நடந்த வரிசையிலேயே அதில் ஏறும். அங்கிருந்துதான் பேரேட்டுக்கு எடுத்து எழுதுவார்கள். பேரேடு தொலைந்து போனாலும் குறிப்பேடு இருந்தால் போதும், மறுபடியும் உட்கார்ந்து எழுதிவிடலாம். யார் எழுதினாலும் அதே இருப்புதான் வரும்.

கணினிகளிலும் இதே கதைதான். மூன்று கணினிகளும் ஒரே இருப்பில் தொடங்கி, ஒரே பதிவுகளை ஒரே வரிசையில் செய்தால் மூன்றும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். ஆகவே பேரேடுகளை ஒத்துப் பார்க்க வேண்டியதில்லை. குறிப்பேட்டின் வரிசையை மட்டும் எல்லாருக்கும் பொதுவாக்கிவிட்டால் போதும். பிரச்சினை இப்போது சுருங்கிவிட்டது: குறிப்பேட்டின் 1வது வரி எது, 2வது வரி எது என்று எல்லாக் கணினிகளும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். அவற்றில் சில நடுவில் செத்துப் போனாலும் அந்தப் பதில் மாறக்கூடாது.

செய்திகள் ஒழுங்காகப் போய்ச் சேருவதே முதலில் உறுதியில்லை. பணத்தை மாற்றச் சொல்லி ஒரு கணினி செய்தி அனுப்புகிறது. பதில் வரவில்லை. செய்தி தொலைந்ததா, வேலை முடிந்து பதில் தொலைந்ததா? தெரியாது. மறுபடி அனுப்பாமல் விட்டால் பணம் போகாமலே இருக்கலாம். மறுபடி அனுப்பினால் இரண்டு முறை போய்விடலாம். இதற்கு மருந்து காசோலையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு காசோலைக்கும் ஒரு எண். அதே எண் மறுபடி வந்தால், "இது ஏற்கனவே முடிந்தது" என்று பதிலை மட்டும் திருப்பிச் சொன்னால் போதும். அதனால் பதில் வரும்வரை தைரியமாகத் திரும்பத் திரும்ப அனுப்பலாம். தொலைவதும் இரட்டிப்பதும் இப்படித் தீர்ந்துவிடும். வரிசை மட்டும் அவ்வளவு சுலபத்தில் தீராது.

மூன்று வகை வரிசை

வரிசை என்று பொதுவாகச் சொல்கிறோம். அதில் மூன்று படிகள் இருக்கின்றன.

முதல் படி, ஒருவர் அனுப்பியதை அவர் அனுப்பிய வரிசையிலேயே பெறுவது. இணையத்தில் இரண்டு கணினிகளுக்கு நடுவே டிசிபி என்ற ஏற்பாடு இதைச் செய்துவிடுகிறது. செய்தித் துண்டுகளுக்கு எண் போட்டு அனுப்பி, மறுமுனையில் அடுக்கிக் கொடுத்துவிடும்.

இரண்டாவது படி, காரணம் முன்னால், விளைவு பின்னால். ஒருவர் ஒரு கேள்வி கேட்கிறார். இன்னொருவர் அதைப் பார்த்துப் பதில் எழுதுகிறார். மூன்றாவது ஆளுக்குப் பதில் முதலிலும் கேள்வி பிறகும் போய்ச் சேர்ந்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. கேள்வியையும் பதிலையும் அனுப்பியவர்கள் வேறு வேறு ஆட்கள், அதனால் முதல் படி இங்கே உதவாது.

மூன்றாவது படி, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத செய்திகளையும் எல்லாரும் ஒரே வரிசையில் பெறுவது. நம் இரண்டு காசோலைகளும் இந்த ரகம். 700 எழுதியவருக்கும் 600 எழுதியவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. யார் முன்னால் என்பதற்குக் காரண காரியம் எதுவும் கிடையாது. ஆனாலும் எல்லா நகல்களும் ஒரே முடிவுக்கு வந்தாக வேண்டும். உண்மையான சிக்கல் இங்கேதான்.

கடிகாரத்தைப் பார்த்தால் ஆகாதா?

எல்லாருக்கும் முதலில் தோன்றும் யோசனை இதுதான். ஒவ்வொரு செய்தியிலும் நேரத்தைக் குறித்துவிடலாம், நேர வரிசைப்படி அடுக்கிவிடலாம். ஆனால் பாருங்கள், எந்த இரண்டு கடிகாரமும் அச்சு அசலாக ஒன்றுபோல் ஓடுவதில்லை. கணினிக்குள் இருக்கும் கடிகாரமும் அப்படித்தான். ஒன்று கொஞ்சம் வேகம், ஒன்று கொஞ்சம் மெது. ஒரு விநாடிக்குள் ஆயிரக்கணக்கான பதிவுகள் நடக்கிற இடத்தில் அந்தக் கொஞ்சம் வித்தியாசமே போதும், பதில் கேள்விக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடும்.

1978-இல் லெஸ்லி லாம்போர்ட் என்ற அமெரிக்கக் கணினி விஞ்ஞானி இதை வேறு பக்கத்திலிருந்து பார்த்தார். அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்னால் பால் ஜான்சன், ராபர்ட் தாமஸ் என்ற இருவர், பல இடங்களில் நகல் வைத்த தகவல் தளங்களைப் பராமரிப்பது பற்றி ஒரு குறிப்பு எழுதியிருந்தார்கள். அதில் காரணத்துக்கு முன்னால் விளைவு வந்துவிடும் ஓட்டை இருப்பதை லாம்போர்ட் கவனித்தார். ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியல் அவருக்குப் பழக்கம். தூரத்தில் நடக்கும் இரண்டு சம்பவங்களில் எது முதல் என்பதற்கு எல்லாருக்கும் பொதுவான பதில் இல்லை என்று சார்பியல் சொல்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி போயிருக்க முடியுமா என்பதுதான் முக்கியம். கணினி வலையும் அப்படித்தானே என்று அவருக்குப் பட்டது.

அவர் கொடுத்த வழி ரொம்ப எளிமை. ஒவ்வொரு கணினியும் ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும். ஏதாவது நடந்தால் எண்ணை ஒன்று கூட்டும். செய்தி அனுப்பும்போது அந்த எண்ணையும் சேர்த்து அனுப்பும். செய்தியைப் பெறும் கணினி, தன் எண், வந்த எண் இரண்டில் எது பெரிதோ அதைவிடப் பெரிய எண்ணுக்குத் தாவிக்கொள்ளும். அவ்வளவுதான். இப்போது பதிலின் எண் கேள்வியின் எண்ணைவிட எப்போதும் பெரிதாகவே இருக்கும். இரண்டு எண்கள் சமமாக வந்துவிட்டால்? கணினிகளுக்கு முன்கூட்டியே ஒரு வரிசை வைத்து, அதன்படி முடிவு செய்துவிடலாம். சுவர்க் கடிகாரமே வேண்டாம்.

அந்தக் கட்டுரையிலேயே லாம்போர்ட் இதில் உள்ள ஒரு குறையையும் எழுதிவைத்தார். அப்பா ஓர் ஊரில் மகன் கணக்கில் பணம் கட்டுகிறார். கட்டிவிட்டு மகனுக்குப் போன் செய்து "போட்டுட்டேன், எடுத்துக்கோ" என்கிறார். மகன் வேறு ஊரில் எடுக்கப் போகிறான். அந்தப் போன் பேச்சு கணினி வலை வழியாகப் போகவில்லை. கணினிகளுக்கு அப்படி ஒரு பேச்சு நடந்ததே தெரியாது. அதனால் எடுப்பது முதலாகவும் கட்டுவது பிறகாகவும் எண் விழ வாய்ப்பு உண்டு. உதாரணத்தில் அப்பாவும் மகனும் இங்கே போட்டது, போன் செய்வது அவர் சொன்னது. 1993-இல் டேவிட் செரிட்டனும் டேல் ஸ்கீனும் இதே மாதிரியான குறைகளை வைத்து, செய்திகளை வரிசைப்படுத்தும் அமைப்புகளையே கடுமையாக விமர்சித்துக் கட்டுரை எழுதினார்கள். செய்தி வரிசை சரியாக இருப்பதாலேயே வேலை சரியாக நடந்துவிடாது என்பது அவர்கள் வாதம். வலைக்கு வெளியே நடப்பதை வலை அறியாது, அதுவும் உண்மைதானே.

ஆனால் இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. 700க்கு எண் 5 என்று வந்துவிட்டது. இதை உடனே குறிப்பேட்டில் எழுதலாமா? முடியாது. எண் 4 உள்ள செய்தி ஏதாவது ஒன்று இன்னும் வழியில் இருக்கலாம். மற்ற எல்லாக் கணினிகளிடமிருந்தும் 5ஐவிடப் பெரிய எண்ணோடு ஏதாவது வந்த பிறகுதான் நிச்சயமாக எழுத முடியும். எல்லாரிடமிருந்தும்! அப்படியென்றால் ஒரே ஒரு கணினி வாயை மூடிக்கொண்டால் மொத்த வங்கியும் நின்றுவிடும். கெட்டுப்போனாலும் தாக்குப்பிடிக்கத்தான் நகல்கள் வைத்தோம். இப்போது நகல் கூடக் கூட நிற்பதற்கான வாய்ப்பும் கூடுகிறது!

செத்துப் போச்சா, தூங்குதா?

"பதில் சொல்லாத கணினியை விட்டுவிட்டு மற்றவர்கள் தொடர்ந்தால் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அது உண்மையிலேயே செத்துவிட்டதா, இல்லை மெதுவாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? தூரத்திலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் கிடைப்பது மௌனம்தான். செத்துவிட்டது என்று நினைத்து விட்டுவிட்டால், அது அந்தப் பக்கம் தனியாக 600ஐப் பாஸ் செய்துகொண்டிருக்கும். இவர்கள் இந்தப் பக்கம் 700ஐப் பாஸ் செய்துகொண்டிருப்பார்கள்.

1985-இல் மைக்கேல் ஃபிஷர், நான்சி லின்ச், மைக்கேல் பேட்டர்சன் மூவரும் இந்தச் சந்தேகத்தைக் கணித ரீதியாக முடித்துவைத்தார்கள். செய்தி எவ்வளவு நேரத்தில் வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லாத வலையில், ஒரே ஒரு கணினி செத்துப் போக வாய்ப்பிருந்தால்கூட, எல்லாரும் ஒரு முடிவுக்கு எப்போதும் கட்டாயம் வந்து சேரும்படி ஒரு நிச்சயமான வழிமுறையை எழுதவே முடியாது என்று நிரூபித்தார்கள். இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பது வேறு, கண்டுபிடிக்கவே முடியாது என்பது வேறு. இவர்கள் சொன்னது இரண்டாவது.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அந்த நிரூபணத்தைக் கவனமாகப் படித்தால் ஒரு சந்து தெரிகிறது. ஒரு வழிமுறையிடம் இரண்டு விஷயங்களை எதிர்பார்க்கிறோம். ஒன்று, தவறான பதில் சொல்லக்கூடாது. இரண்டு, எப்படியும் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டுக்கும் ஒன்றாக உத்தரவாதம் கிடைக்காது. ஆனால் முதலாவதை எப்போதும் காப்பாற்றிக்கொண்டு, இரண்டாவதைப் பெரும்பாலான நேரம் காப்பாற்றலாம். வலை நன்றாக இருக்கும்போது வேலை நடக்கும். வலை மோசமாக இருந்தால் காத்திருக்கும். பொய் மட்டும் சொல்லாது.

அதற்குப் பிறகு வந்த நல்ல வழிமுறைகள் எல்லாம் இந்தச் சந்து வழியாகப் போனவைதான். கார்னெல் பல்கலைக்கழகத்தில் கென் பர்மன் குழு 1980களில் ஐசிஸ் என்ற அமைப்பைக் கட்டியது. குழுவில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்ற உறுப்பினர் பட்டியலையே எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும். பட்டியல் மாறும் நேரத்தில் நடுவழியில் இருந்த செய்தி, பிழைத்திருக்கிற எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டும், அல்லது யாருக்குமே சேரக்கூடாது. இது அதன் அடிப்படை. நியூயார்க் பங்குச் சந்தையிலும், பிரான்சின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டிலும் அது பல வருடங்கள் ஓடியது. பங்கு விலை வரிசை மாறினால் பணம் போகும், விமானத் தகவல் வரிசை மாறினால் உயிர் போகும். இது சும்மா பேப்பரில் போடும் கணக்கு இல்லை என்பதற்காகச் சொல்வது.

பாக்ஸோஸ் தீவின் பேரேடு

இந்தக் கதையில் ரொம்ப சுவாரசியமான அத்தியாயம் மறுபடியும் லாம்போர்ட்டுடையது. 1990-இல் அவர் ஒரு கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினார். தலைப்பு, பகுதிநேரப் பாராளுமன்றம். பாக்ஸோஸ் என்ற கிரேக்கத் தீவில் பழங்காலத்தில் ஒரு பாராளுமன்றம் இருந்ததாம். உறுப்பினர்கள் எல்லாம் பகுதிநேரம், இஷ்டத்துக்கு வருவார்கள், போவார்கள். செய்தி கொண்டுபோகும் தூதர்களும் அப்படித்தான், நடுவில் நெடுநாள் காணாமல் போய்விடுவார்கள், ஒரே செய்தியை இரண்டு தடவை கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒவ்வோர் உறுப்பினர் கையிலும் ஒரு பேரேடு. நிறைவேறிய சட்டங்களை எண் வாரியாக, அழிக்க முடியாத மையில் எழுத வேண்டும். யாருடைய பேரேட்டை எடுத்துப் பார்த்தாலும் 37வது சட்டம் என்றால் ஒரே சட்டமாக இருக்க வேண்டும்.

புரிகிறதா? உறுப்பினர்தான் கணினி, தூதர்தான் வலை. அழியாத மை என்பது மின்சாரம் போனாலும் நிற்கும் வட்டு.

அவர்கள் கண்ட வழியின் சாரம் இது. ஐந்து உறுப்பினர்கள் என்று வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட ஒரு வரியை நிரப்ப நினைப்பவர், தன் முயற்சிக்கு ஓர் எண் போட்டு, மற்றவர்களிடம் இரண்டு விஷயம் கேட்பார். "இதைவிடச் சின்ன எண்ணில் யார் வந்து கேட்டாலும் இனி சம்மதிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடு. இந்த வரிக்கு ஏற்கனவே எதற்காவது ஓட்டுப் போட்டிருந்தால் அதையும் சொல்லு." ஐந்தில் மூன்று பேர் பதில் தந்தால் அடுத்த கட்டம். அந்த மூவரில் யாராவது முன்பே எதற்காவது ஓட்டுப் போட்டிருந்தால், அவற்றில் பெரிய எண்ணுள்ள முயற்சியில் வந்ததையே இவரும் முன்மொழிய வேண்டும். சொந்த ஆசையை மடித்துப் பையில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். யாருமே போட்டிருக்கவில்லை என்றால் தன்னுடையதைச் சொல்லலாம். மூன்று பேர் ஒப்புக்கொண்டுவிட்டால் அந்த வரி முடிந்தது. பிறகு யாராலும் மாற்ற முடியாது.

ஏன் மாற்ற முடியாது? ஐந்து பேரில் எந்த மூன்று பேரை எடுத்தாலும், வேறு எந்த மூன்று பேரை எடுத்தாலும், குறைந்தது ஒருவர் இரண்டிலும் இருப்பார். பழைய முடிவை அறிந்த அந்த ஒருவர் புதுக் கூட்டத்திலும் உட்கார்ந்திருப்பார். மறதிக்கு வழியில்லை. மொத்த வித்தையும் இந்தச் சின்னக் கூட்டல் கணக்கில்தான் நிற்கிறது.

ஐந்தில் இரண்டு பேர் காணாமல் போனாலும் வேலை ஓடும். மூன்று பேர் போய்விட்டால்? நின்றுவிடும். மீதி இரண்டு பேர் "நாமே முடிவு செய்துவிடலாம்" என்று ஆரம்பிக்க மாட்டார்கள். ஒருவர் போனாலும் ஓட வேண்டும் என்றால் மூன்று கணினி, இருவர் போனாலும் ஓட வேண்டும் என்றால் ஐந்து, மூவர் என்றால் ஏழு. கணினிகள் சாவதோடு நில்லாமல் பொய்யும் சொல்லக்கூடும் என்றால் செலவு இன்னும் ஏறும். ஒரு பொய்யரைச் சமாளிக்கவே நான்கு வேண்டும். அது தனிக் கதை.

கட்டுரைக்கு வருவோம். படித்துப் பார்த்த மதிப்பீட்டாளர்கள், சுமாராக இருக்கிறது, அந்தத் தீவுக் கதையை எல்லாம் எடுத்துவிடுங்கள் என்று சொன்னார்கள். லாம்போர்ட்டுக்குக் கோபம். இவர்களுக்கு நகைச்சுவை உணர்வே இல்லையே என்று கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டார். 1998-இல்தான் அது அச்சேறியது. அதுவும் எப்படி? ஆய்விதழ் அலுவலகத்தில் ஒரு ஃபைல் அலமாரிக்குப் பின்னால் இந்தக் கையெழுத்துப் பிரதி கிடைத்தது, ஆசிரியரோ கிரேக்கத் தீவுகளில் ஆராய்ச்சியில் இருப்பதால் அவரைத் தொடர்பு கொள்ள முடியவில்லை என்ற ஒரு முன்குறிப்போடு! விளையாட்டை ஆய்விதழும் சேர்ந்து ஆடியது. இதில் வேடிக்கை என்னவென்றால், பிரையன் ஓக்கி, பார்பரா லிஸ்கோவ் இருவரும் 1988-லேயே கிட்டத்தட்ட இதே யோசனையைத் தனியாகக் கண்டுபிடித்து வெளியிட்டிருந்தார்கள். லிஸ்கோவுக்கு 2008-க்கான டூரிங் விருதும், லாம்போர்ட்டுக்கு 2013-க்கான டூரிங் விருதும் கிடைத்தன.

பலருக்குப் பாக்ஸோஸ் புரியவில்லை. லாம்போர்ட் 2001-இல் தீவை எல்லாம் விட்டுவிட்டு எளிமையாக மறுபடி எழுதினார். அப்போதும் பலருக்குப் புரியவில்லை. 2014-இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த டியேகோ ஒங்காரோ, ஜான் ஔஸ்டர்ஹவுட் இருவரும் ராஃப்ட் என்ற வழியை வெளியிட்டார்கள். புரிய வேண்டும் என்பதையே முதல் குறிக்கோளாக வைத்துச் செய்தது அது. முதலில் ஒரு தலைவரைத் தேர்ந்தெடு, அவர் குறிப்பேட்டை எழுதட்டும், பெரும்பான்மையினர் நகல் எடுத்ததும் அந்தப் பதிவு உறுதி. 43 மாணவர்களுக்கு இரண்டு வழிகளையும் சொல்லிக்கொடுத்துத் தேர்வு வைத்தார்கள். 33 பேர் ராஃப்டில்தான் அதிக மதிப்பெண் எடுத்தார்கள். மாணவர்களும் உலகத்துக்கு உபயோகம்தான்!

43 விநாடிகள்

எல்லாம் தெரிந்த பிறகும் எங்கே இடறும் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம். உலகம் முழுவதும் நிரல் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களை வைத்திருக்கும் இடம் கிட்ஹப். 2018 அக்டோபர் 21 அன்று அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஒரு பழுதான ஒளியிழைக் கருவியை மாற்றும் வழக்கமான பராமரிப்பு வேலை நடந்தது. அப்போது அவர்களுடைய கிழக்குக் கரைத் தரவு மையத்துக்கான இணைப்பு அறுந்தது. 43 விநாடிகள்தான். பிறகு இணைப்பு வந்துவிட்டது.

அந்த 43 விநாடிகளில் என்ன நடந்தது என்றால், தலைவரைத் தேர்ந்தெடுக்கும் மென்பொருள் ராஃப்ட் முறையில் பெரும்பான்மையைக் கூட்டி, கிழக்கு போய்விட்டது, இனி மேற்குக் கரைத் தரவுத்தளமே தலைமை என்று முடிவு செய்தது. விதிப்படி சரியான முடிவு. ஆனால் கிழக்கில் எழுதப்பட்ட சில பதிவுகள் மேற்குக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. மேற்கு அவை இல்லாமலே புதுப் பதிவுகளை எழுத ஆரம்பித்துவிட்டது. இணைப்பு திரும்பியபோது கிழக்கிலும் மேற்கிலும் ஒன்றில் இல்லாத பதிவுகள் மற்றொன்றில். 300 ரூபாய்ப் பேரேடும் 400 ரூபாய்ப் பேரேடும் ஞாபகம் வருகிறதா? அதேதான்.

தலைவர் யார் என்பதற்குப் பெரும்பான்மை கேட்டார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் நாட்டின் இரு கரைகளையும் சேர்த்த பெரும்பான்மையைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒவ்வொரு பதிவும் அமெரிக்காவின் குறுக்கே போய்த் திரும்பும் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். வேகத்துக்காக விட்டுக்கொடுத்த இடம் அது, அடியும் அங்கேதான் விழுந்தது. 43 விநாடிக் கோளாறைச் சரிசெய்ய ஆன நேரம் 24 மணி 11 நிமிடம். அவர்கள் செய்த ஒரு நல்ல காரியம், தளம் சீக்கிரம் ஓடுவதைவிடத் தகவல் தொலையாமல் இருப்பதே முக்கியம் என்று முடிவெடுத்தது. மிகவும் பரபரப்பாக இயங்கும் தரவுத்தளத் தொகுதிகளில் ஒன்றில், ஒத்துப்போகாமல் நின்ற பதிவுகள் 954. அவற்றை எடுத்து வைத்து, எவை தானாகச் சேரும், எவற்றுக்கு வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும் என்று பார்த்தார்கள். பி.காம். மாணவர்கள் போடும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியலும் இந்த வேலைதான், என்ன, இது கொஞ்சம் பெரியது.

கண்டுபிடிப்பதா, ஒப்புக்கொள்வதா?

இத்தனைக்கும் பிறகு ஒரு சங்கடமான கேள்வி மிச்சமிருக்கிறது. 600 ரூபாய்க் காசோலைதான் உண்மையில் ஒரு கண்ணிமைப்பு முன்னால் வந்திருக்கலாம். பெரும்பான்மை 700ஐ முதல் வரியில் எழுதிவிட்டது. இனி 700தான் முதல். இது அநியாயம் இல்லையா?

சட்டப் புத்தகத்தில் இதற்கு ஒரு பழைய உறவினர் உண்டு. வங்கிச் சட்டம் படிப்பவர்கள் கிளேட்டன் வழக்கைத் தாண்டாமல் போக முடியாது. இங்கிலாந்தில் 1816-இல் தீர்ப்பான வழக்கு. ஒரு வங்கியின் பங்குதாரர்களில் ஒருவர் 1809-இல் இறந்துபோனார். 1810-இல் வங்கி திவாலானது. கிளேட்டன் என்ற வாடிக்கையாளர், பங்குதாரர் இறந்த பிறகும் கணக்கில் பணம் போட்டும் எடுத்தும் வந்திருந்தார். இறந்தவரின் சொத்திலிருந்து அவருக்குப் பணம் வருமா என்பது கேள்வி. எடுத்த ரூபாய் எந்த ரூபாய்? முன்பு போட்டதா, பின்பு போட்டதா? பணத்தில் அடையாளமா எழுதியிருக்கிறது? நீதிமன்றம் சொன்னது, முதலில் போட்டதே முதலில் எடுக்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும். அந்தக் கணக்குப்படி, இறந்தவர் காலத்துப் பணம் முழுக்க ஏற்கனவே எடுத்தாகிவிட்டது. கிளேட்டனுக்கு அங்கே ஒன்றும் இல்லை.

அவர் எடுத்தது எந்தப் பணம் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்கவும் முடியாது. எல்லாருக்கும் பொதுவான ஒரு வரிசையை வைத்து, அதை மாற்றாமல் பின்பற்றினார்கள். அதில் ஒருவர் நஷ்டப்பட்டார். ஆனால் அந்த வரிசை ஆளுக்கு ஆள் மாறியிருந்தால் எந்த வங்கியை நம்பி யார் பணம் போடுவார்கள்?

கணினிகள் செய்வதும் இதுதான். சார்பியல் சொல்வது போல, தொலைவில் இருக்கும் இரண்டு சம்பவங்களில் எது முதல் என்பதற்குச் சில நேரம் பதிலே இல்லை. இல்லாத பதிலைத் தேடிக்கொண்டிருப்பதைவிட, ஒரு பதிலை எல்லாருமாக ஒப்புக்கொண்டு, ஒப்புக்கொண்டதை என்ன ஆனாலும் மாற்றாமல் இருப்பது நல்லது. வாடிக்கையாளருக்கு "உங்கள் காசோலை பாஸ்" என்று சொன்ன பிறகு, பாதி கணினிகள் எரிந்து போனாலும் அந்த வார்த்தை நிற்க வேண்டும்.

அதற்குக் கொடுக்கும் விலை காத்திருப்பு. கடைசி நாள் மாலை ஃபீஸ் கட்டும்போது திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். எரிச்சலாகத்தான் இருக்கும். சில நேரம் அது வெறும் மோசமான நெட்வொர்க். சில நேரம், எங்கோ ஒரு கணினி மற்றவர்களின் சம்மதத்துக்காக நின்றுகொண்டிருக்கிறது. தெரியாத விஷயத்தைத் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டுப் பிறகு வார்த்தை மாறுவதற்கு, அந்த வட்டம் இன்னும் கொஞ்சம் சுற்றுவது எவ்வளவோ தேவலை.